குக்கி நம்மை வேவு பார்க்கவா உருவாக்கப்பட்டது?

கேள்வி இது: "நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த ஒரு இளைஞர்தான் குக்கியைக் கண்டுபிடித்தாராம். விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடரத்தான் அதைச் செய்தார்களா? அப்போதே வேறு மாதிரி செய்திருக்க முடியாதா?"

குக்கி என்பது ஒரு தளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சின்னத் தகவல் துணுக்கு. கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் உடனே சொல்லிவிடலாம். இல்லை. ஒரு தளத்துக்குப் போனது இன்னொரு தளத்துக்குத் தெரியக் கூடாது என்று யோசித்துத்தான் அதை அப்படி வடிவமைத்தார்கள். இரண்டாவது பாதிக்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் தப்பு நடந்தது குக்கியைக் கண்டுபிடித்த 1994-இல் இல்லை, அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, பிரவுசரில் ஒரு அமைப்பை (செட்டிங்கை) ஆரம்பத்திலேயே திறந்து வைத்து அனுப்புவதா, அணைத்து வைத்து அனுப்புவதா என்று முடிவெடுத்தபோது. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

வெப்பை டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாக்கியபோது அது ஆவணங்களைப் படிக்கும் வசதி, அவ்வளவுதான். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர், அதாவது தளம் இருக்கும் கணினி, கொடுக்கும், இணைப்பு அறுந்துவிடும். அடுத்த முறை அதே ஆள் வந்து கேட்டாலும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். ஒரு பக்கத்தில் பத்து படம் இருந்தால் அன்றைய பிரவுசர் பதினொரு தடவை தனித்தனியாக இணைப்புப் போட்டுக் கேட்கும், அந்தப் பதினொன்றும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை என்று சர்வர் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆவணம் படிக்க இது குறையே இல்லை, பெரிய பலம். யாரைப் பற்றியும் எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பதால் சின்ன சர்வர்கூட நிறையப் பேருக்குப் பதில் சொல்ல முடிந்தது.

கடை வைக்கலாம் என்று நினைத்த நிமிடத்தில்தான் சிக்கல் வந்தது. முதல் பக்கத்தில் ஒரு பொருளை எடுக்கிறீர்கள், இரண்டாவது பக்கத்துக்குப் போகிறீர்கள், நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று சர்வருக்குத் தெரியாது. ஒட்டுப் போட்டுச் சமாளித்தார்கள். முகவரியின் வாலில் நீளமாக ஒரு எண்ணைச் சேர்த்து, பக்கத்திலுள்ள ஒவ்வொரு இணைப்பிலும் அதையே திரும்ப எழுதினார்கள். ஆனால் அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் அவர் உங்கள் கூடைக்குள் வந்து நிற்பார். படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் தகவலை ஒளித்து வைத்தார்கள், ஆனால் படிவத்தை விட்டு வேறு இணைப்பை அழுத்தினால் எல்லாம் போச்சு. ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் கணினிக்கு இருக்கும் எண்ணை, வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமா என்றால், பல்கலைக்கழகத்தில் ஒரே யூனிக்ஸ் கணினியில் நிறைய மாணவர்கள் உட்கார்ந்திருந்த காலம் அது, அத்தனை பேருக்கும் ஒரே முகவரி.

இந்த இடத்தில்தான் லூ மான்டுலி வருகிறார். அப்போது அவருக்கு வயது 25-ஐத் தாண்டவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே லிங்க்ஸ் என்ற பிரவுசரை எழுதியவர்களில் ஒருவர். படமே காட்டாத, எழுத்து மட்டும் காட்டும் அந்த பிரவுசர் இன்றும் பராமரிப்பில் இருக்கிறது, சர்வரில் வேலை செய்பவர்கள் கருப்புத் திரையில் இன்றும் அதைத் திறக்கிறார்கள். 1994 ஏப்ரலில் ஜிம் கிளார்க்கும் மார்க் ஆண்ட்ரீசனும் கலிபோர்னியாவில் மொசைக் கம்யூனிகேஷன்ஸ் என்ற பிரவுசர் நிறுவனத்தை ஆரம்பித்தபோது ஆரம்பகாலப் பொறியாளர்களில் ஒருவராக மான்டுலி சேர்ந்தார். சில மாதத்தில் அதே நிறுவனம் நெட்ஸ்கேப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அலுவலகத்து மீன்தொட்டிக்கு முன்னால் கேமரா வைத்து அந்தப் படத்தை வெப்பில் விட்டவரும் இவர்தான். துறுதுறுவென்று எதையாவது செய்துகொண்டே இருக்கும் ஆள் என்பது அதிலேயே தெரியும்.

அந்த நிறுவனத்தின் ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒன்று எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம். இணையத்தில் கடை போட வேண்டும், ஆனால் வாங்கி முடிக்காத கூடைகளையெல்லாம் எங்கள் சர்வரில் சுமக்க மாட்டோம் என்பது அவர்கள் நிலை. எம்சிஐ பக்கம் தொழில்நுட்பப் பேச்சுவார்த்தையில் இருந்தவர்களில் ஒருவர் விண்ட் செர்ஃப், இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வடித்த அதே செர்ஃப். கூடையை சர்வர் சுமக்காது என்றால் வாடிக்கையாளரின் கணினிதான் சுமக்க வேண்டும். 1994 ஜூனில் மான்டுலிக்குத் தோன்றிய வழி இந்தத் தேவையிலிருந்துதான் வந்தது.

வழி மிக எளிமையானது. சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள், அதில் ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு அந்த ஸ்டாண்ட்காரரிடம் மட்டும்தான் மதிப்பு, பக்கத்துத் தெரு ஸ்டாண்டில் காட்டினால் யாரும் சீண்ட மாட்டார்கள். குக்கியும் அப்படியே. சர்வர் பக்கத்தை அனுப்பும்போது அதற்கு முன்னால் போகும் தலைப்புப் பகுதியில் (ஹெட்டர்) கூடவே ஒரு வரி அனுப்பும்: இந்தப் பெயர், இந்த மதிப்பு, இந்தத் தேதி வரை வைத்துக்கொள். பிரவுசர் அதைச் சேமித்து வைத்து, அடுத்த தடவை அதே சர்வரிடம் போகும்போது எடுத்துக் காட்டும். அந்த மதிப்புக்கு என்ன அர்த்தம் என்று பிரவுசருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இப்படி அர்த்தம் தெரியாமல் கைமாற்றும் சின்னத் துணுக்கை யூனிக்ஸ்காரர்கள் ஏற்கெனவே மேஜிக் குக்கி என்று சொல்லிவந்தார்கள், மான்டுலி பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

அவரும் உடன் பணியாற்றிய ஜான் ஜியானாண்ட்ரியாவும் சேர்ந்து எழுதிய முதல் விவரக்குறிப்பை நான் இன்றும் புதிதாக வேலைக்கு வருபவர்களைப் படிக்கச் சொல்வேன். சில பக்கம்தான். அதில் வரும் உதாரணத்தில் வாடிக்கையாளரின் பெயர் ஒரு கார்ட்டூன் பாத்திரம், அவர் வாங்கும் சரக்கு ராக்கெட் லாஞ்சர் எண் 0001, அனுப்பும் வழி ஃபெடெக்ஸ். அந்தக் குக்கி காலாவதியாகும் தேதி 1999 நவம்பர் 9. பிரவுசர் மொத்தம் 300 குக்கி வைத்திருந்தால் போதும், ஒவ்வொன்றும் 4 கிலோபைட், ஒரு தளத்துக்கு 20 என்று வரம்பும் சொல்லியிருந்தார்கள். பாதுகாப்பான இணைப்பில் மட்டும் இதை அனுப்பு என்று சொல்லும் 'செக்யூர்' குறிப்பும் அந்தச் சில பக்கத்திலேயே இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். அன்று அவர்கள் முன்னால் இன்னொரு வழியும் இருந்தது, செய்வதற்கு அதுதான் ரொம்பச் சுலபம். ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்துவிடுவது, போகும் இடமெல்லாம் பிரவுசர் அதைச் சொல்வது. கடைக்காரர்கள் அந்த எண்ணை வைத்துக் கணக்கு எழுதிக்கொள்ளலாம். சேமிப்பு வேண்டாம், காலாவதித் தேதி வேண்டாம், எதுவும் வேண்டாம். மான்டுலி அதை ஒதுக்கினார். எல்லாத் தளமும் ஒரே எண்ணைப் பார்த்தால், தளங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒருவர் எங்கெல்லாம் போனார் என்று கோர்த்துவிடும் என்பதுதான் காரணம் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அதனால்தான் கொடுத்த தளத்துக்கு மட்டுமே திரும்பும் டோக்கன். ஒரு தளத்தில் நீங்கள் 47, இன்னொரு தளத்தில் 9012, இரண்டும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இளம் பொறியாளர் ஒருவர், பிரவுசரை வெளியிடும் நெருக்கடிக்கு நடுவில், தன் எதிர்காலப் பயனரின் அந்தரங்கத்தை நினைத்துப் பார்த்து, சுலபமான வழியை வேண்டாமென்று விட்டிருக்கிறார். அதற்கான மதிப்பை அவருக்கு யாரும் கொடுப்பதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

யாருடைய சர்வர் எது என்று பிரிப்பதிலும் மெனக்கெட்டிருக்கிறார்கள். டாட் காம் பெயருக்குச் சொந்தமான ஒருவர், உலகத்திலுள்ள எல்லா டாட் காமுக்கும் போகும்படி குக்கி வைத்துவிடக் கூடாதல்லவா? அதற்காகப் புள்ளிகளை எண்ணினார்கள். காம், எடு, நெட் போன்ற ஏழு முடிவுகளுக்கு முகவரியில், முன்னால் வரும் புள்ளியையும் சேர்த்து, குறைந்தது இரண்டு புள்ளி, மற்றவற்றுக்கு மூன்று. அதனால் நம் டாட் கோ டாட் இன் மொத்தத்துக்கும் ஒரு குக்கி வைக்க முடியாது, அதில் இரண்டு புள்ளிதான் இருக்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் ஜெர்மனி போல நாட்டு முடிவின் கீழ் நேரடியாகப் பெயர் கொடுக்கும் இடங்களில் இது உதைத்தது, பிரவுசர்கள் ஆளுக்கொரு விதமாகத் தளர்த்திக்கொண்டன. கடைசியில் எந்த முடிவு யாருக்கும் சொந்தமில்லாத பொது முடிவு என்று ஒரு பட்டியலையே ஃபயர்பாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லா தொகுக்க வேண்டி வந்தது, இன்று எல்லா பிரவுசரும் அந்தப் பட்டியலைத்தான் நம்பியிருக்கிறது.

1994 அக்டோபர் 13-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் பிரவுசரின் முதல் பீட்டாவிலேயே (சோதனைப் பதிப்பு) குக்கி இருந்தது. ஆய்வகத்துக்கு வெளியே அதன் முதல் உபயோகம், நெட்ஸ்கேப் தளத்துக்கு வந்தவர் முன்பே வந்தவரா புதியவரா என்று பார்ப்பது. பயனர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை, பிரவுசரும் கேட்காமலேயே வாங்கி வைத்துக்கொண்டது. 1995 இறுதியில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2-லும் வந்துவிட்டது. மான்டுலி பெயரில் 1995-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1998-இல் கிடைத்தது.

சரி, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தபிறகு ஓட்டை எங்கே?

1993-இல், அதாவது குக்கிக்கு ஒரு வருடம் முன்பே, இன்னொரு இளைஞர் இன்னொரு வேலை செய்திருந்தார். இலினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் பிரவுசரை எழுதிக்கொண்டிருந்த, பின்னாளில் நெட்ஸ்கேப்பை ஆரம்பித்த அதே மார்க் ஆண்ட்ரீசன், 21 வயது, பக்கத்துக்குள்ளேயே படம் காட்ட 'ஐஎம்ஜி' என்ற குறிச்சொல்லை அந்த பிப்ரவரியில் முன்மொழிந்தார். அந்தப் படம் அதே சர்வரில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உலகத்தில் எந்த சர்வரில் இருக்கும் படத்தையும் உங்கள் பக்கத்தில் காட்டலாம். தனியாகப் பார்த்தால் அதிலும் ஒரு தீங்கும் இல்லை. மூன்றாவதாக 'ரெஃபரர்' என்று ஒரு தலைப்பு வரி இருந்தது. பிரவுசர் எதையாவது கேட்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறேன் என்பதையும் சொல்லும். உடைந்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க அது உதவியது.

அன்றைய பிரவுசரில் இந்த மூன்றையும் சேர்த்து வையுங்கள். காலையில் ஒரு செய்தித் தளத்தில் சர்க்கரை நோய் பற்றிப் படிக்கிறீர்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு விளம்பரப் படம், அது செய்தித் தளத்தின் சர்வரில் இல்லை, விளம்பர நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. உங்கள் பிரவுசர் அங்கே போய்ப் படத்தைக் கேட்கிறது, எந்தக் கட்டுரையிலிருந்து கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறது. விளம்பர சர்வர் படத்தோடு 5531 என்று ஒரு குக்கியையும் தருகிறது. மதியம் வேறு தளத்தில் வேலை தேடுகிறீர்கள், அங்கேயும் அதே நிறுவனத்தின் படம். பிரவுசர் விதிப்படிதான் நடக்கிறது, 5531-ஐக் கொடுத்தவரிடமே திருப்பிக் காட்டுகிறது, வேலை தேடும் பக்கத்தின் முகவரியையும் சேர்த்து. இப்போது 5531 என்பவருக்குச் சர்க்கரை நோய் பற்றிக் கவலை, வேலையும் தேடுகிறார் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியும். அந்த நிறுவனத்தின் முகவரியை நீங்கள் ஒருநாளும் தட்டச்சு செய்ததில்லை. குக்கி விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. மான்டுலி வேண்டாம் என்று ஒதுக்கிய நிரந்தர எண் பக்கவாட்டில் நுழைந்து அதே வேலையைச் செய்கிறது. படம் கண்ணுக்குத் தெரியக்கூட வேண்டாம், ஒரு பிக்சல் போதும்.

வெளியுலகத்துக்கு இது தெரிய வந்தது 1996-இல். பிப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் குக்கி பற்றி எழுதியது, அப்புறம் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விசாரணைக் கூட்டங்களிலும் பேசப்பட்டது. இணையத் தரங்களை எழுதும் ஐஇடிஎஃப் குழு அதற்கு முன்பே குக்கியைத் தரப்படுத்த உட்கார்ந்திருந்தது. பெல் ஆய்வகத்தின் டேவிட் கிறிஸ்டலும் மான்டுலியும் சேர்ந்து எழுதிய அந்தத் தரம், ஆர்எஃப்சி 2109, 1997 பிப்ரவரியில் வெளியானது. அதில் தெளிவாக இருக்கிறது: பயனர் தானாகப் போகாத மூன்றாம் தரப்பு சர்வரின் குக்கியை பிரவுசர் ஏற்கக் கூடாது, ஏற்கும் வசதி கொடுத்தாலும் அது ஆரம்பத்தில் அணைந்தே இருக்க வேண்டும்.

நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. அதற்குள் டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் இதை நம்பியே தொழில் நடத்த ஆரம்பித்திருந்தன, விளம்பர வருமானத்தில் ஓடும் தளங்களும் பெருகியிருந்தன. நெட்ஸ்கேப் 4-இல் மூன்றாம் தரப்புக் குக்கியை மறுக்கும் வசதி கொடுத்தார்கள், ஆனால் வேண்டுபவர்தான் அமைப்புக்குள் போய்த் தேடி மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த முடிவில் மான்டுலிக்கும் பங்கு உண்டு, அதை அவர் மறைத்ததில்லை. அவர் வாதம் இது: மூன்றாம் தரப்புக் குக்கியை அடைத்தால் விளம்பரக்காரர்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள், அந்த வழி பயனரின் கண்ணுக்கே தெரியாததாக இருக்கும். குக்கி என்றால் பார்க்கலாம், அழிக்கலாம், மறுக்கலாம்.

அந்த வாதத்தில் பாதி சரி. திரை அளவு, எழுத்துருக்கள், செருகுநிரல்கள் என்று சில்லறை விவரங்களைச் சேர்த்தே ஒரு பிரவுசரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் காட்டியது, அதை உங்களால் அழிக்க முடியாது. ஆனால் மறு பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் பயனர்களில் பெரும்பாலோர், அவர்களுக்கு ஆரம்பத்தில் எது வைத்து வந்ததோ அதுதான் சட்டம். 2003-இல் வந்த ஆப்பிளின் சஃபாரி, நீங்கள் போகாத தளத்தின் குக்கியை ஆரம்பத்திலேயே மறுத்தது. முழு அடைப்பு இல்லை, சில விலக்குகள் இருந்தன, ஆனாலும் வெப் உடைந்துவிடவில்லை, கடைகள் நடந்தன, லாகின் வேலை செய்தது. 1997-இல், தொழில் சின்னதாக இருந்தபோதே, இதைச் செய்திருக்கலாம். செய்யாததன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1999-இல் டபுள்கிளிக், மக்கள் பெயர் முகவரியோடு தபால்வழிக் கொள்முதல் விவரம் வைத்திருந்த அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. 5531 என்ற எண்ணுக்குப் பின்னால் உங்கள் பெயரையே ஒட்டிவிடலாம் என்ற நிலை. பெரிய எதிர்ப்பு கிளம்பியபின் 2000-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். டபுள்கிளிக் 2008-இல் கூகுளின் கைக்குப் போனது.

செக்யூர் குறிப்புக்கு வருகிறேன் என்றேன். முதல் நாளிலிருந்தே இருந்த அதைப் பெரும்பாலான தளங்கள் பயன்படுத்தவே இல்லை. லாகின் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, அதற்குப் பின் குக்கியைத் திறந்த இணைப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். காபிக் கடையின் பொது வைஃபையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதே வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழையலாம், பாஸ்வேர்ட் தேவையில்லை, குக்கி போதும். பிரச்சினை பல வருடமாகத் தெரிந்ததுதான், ஆனால் யாரும் செய்யும் அளவுக்குச் சுலபமாக்கிக் காட்டிய பிறகுதான் பெரிய தளங்கள் முழுசாக எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்புக்கு நகர வேகம் பிடித்தது. கருவி கையில் இருந்தும் உபயோகிக்காமல் விட்டதற்குக் குக்கியைக் குறை சொல்ல முடியாது.

எல்லாத் தளத்திலும் ஏற்கிறீர்களா என்று எழும் பலகை ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் திருத்திய சட்டத்திலிருந்து வந்தது. லாகின், கூடை போன்று சேவைக்கு அவசியமான குக்கிக்கு அந்தச் சட்டத்தில் அனுமதி கேட்கவே தேவையில்லை. ஆகவே பலகையில் எல்லாவற்றையும் மறுத்தால் தளம் வேலை செய்யாதோ என்று பயப்பட வேண்டாம். பிரவுசரில் ஒரே இடத்தில் தீர்த்திருக்க வேண்டியதை ஒவ்வொரு தளமும் தனித்தனியாகக் கேட்கிறது, நாமும் படிக்காமல் அழுத்திவிட்டுப் போகிறோம்.

சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கியை முழுசாக அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022-இலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனி டப்பா வைக்கிறது, காலைத் தளத்தில் வைத்த 5531 மதியத் தளத்தில் தெரியாது. கூகுளின் குரோம் 2020 ஜனவரியில் இரண்டு வருடத்தில் நிறுத்துகிறோம் என்று சொல்லி, தள்ளித் தள்ளி வைத்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனமே பிரவுசரையும் வைத்திருக்கும்போது ஆரம்ப அமைப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

ஆக, வேறு மாதிரி செய்திருக்க முடியாதா என்றால், முடிந்திருக்கும், எப்படி என்பதும் ஆர்எஃப்சி 2109-இல் எழுதியே இருந்தது. நீங்கள் குரோம் உபயோகித்தால் அமைப்பில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்புக் குக்கியை அடைத்துவிடுங்கள், ஏதாவது ஒரு தளம் தகராறு செய்தால் அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது செய்தித் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் எந்த சர்வருக்குக் கோரிக்கை போகிறது என்று தெரியும், அதைச் சொடுக்கினால் என்ன குக்கி போகிறது, ரெஃபரரில் என்ன முகவரி இருக்கிறது என்பதும் தெரியும். அடைப்பதற்கு முன் ஒரு தடவை, அடைத்த பின் ஒரு தடவை பார்த்தால் நான் மேலே சொன்ன 5531 கதை உங்களுக்கே புரிந்துவிடும்.